லோரோங் கூலிட் பித்தளை ஹார்ன்: அசலா, புதுசா?

கேள்வி:
வணக்கம். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஒரு கிராமபோன் விலைக்கு இருக்கிறது. எட்டு இதழ் பித்தளை ஹார்ன், வாய் 20 அங்குலம். அறுகோணப் பெட்டி, முன்னால் நாய்ப் படமும் 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' என்ற எழுத்தும் உள்ள தகடு. 1905 மாடல் என்கிறார் கடைக்காரர். பக்கத்தில் தனியாக ஒரு சின்ன ஹார்ன்: கறுப்பு இரும்பு, வாய் மட்டும் பித்தளை, நீளம் 14 அங்குலம், வளைவே கிடையாது. இரண்டும் அசலா? சின்னதை இந்தப் பெட்டியில் மாட்டலாமா?

பதில் 1:
அண்ணே, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். 1905-இல் அந்தக் கம்பெனியின் பெயர் கிராமபோன் அண்டு டைப்ரைட்டர். 1907 வரை அதே பெயர்தான். இசைத்தட்டு லேபிளில் அப்போது இருந்தது இறகால் எழுதும் தேவதை. நாய் லேபிளுக்கு வந்தது 1909-இல். தகடும் கடைக்காரர் சொல்லும் வருடமும் ஒத்துப்போகவில்லை. பெட்டி அறுகோணம் என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. பழைய போர்ட்டபிள் பெட்டியின் மோட்டாரைக் கழற்றி, புதுப் பெட்டியும் புது ஹார்னும் சேர்த்து இந்தியாவில் செய்து அனுப்புவது பல வருடமாக நடக்கிறது.

ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஊமத்தம்பூ மாதிரி விரியும் அசல் ஹார்ன்களில் பெரும்பாலானவை பெயின்ட் அடித்த இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். அடுத்து, இரண்டு இதழ் சேரும் இடத்தை உள்பக்கம் விரலால் தடவுங்கள். அசலில் தகட்டோடு தகடு மடித்து இறுக்கிய கோடு நேராக ஓடும். புதியதில் ஈயப் பற்று மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். தகடும் மெலிசு, அழுத்தினால் நெளியும். ஹார்னைத் தாங்கும் பின்பக்க இரும்பையும் பாருங்கள். அதில் பிளஸ் ஸ்குரு இருந்தால் அது பிற்காலத்தது: அந்தத் தலைக்குக் காப்புரிமை வந்ததே 1936-இல்.

பதில் 2:
காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. அசல் பித்தளை ஹார்னும் உண்டு. பித்தளை முலாம் பூசிய இரும்பில் காந்தம் ஒட்டவும் செய்யும். மடிப்பு, ஸ்குரு, தாங்கி எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

சின்ன ஹார்ன்தான் என்னை ஈர்க்கிறது. கறுப்பு உடல், பித்தளை வாய், 14 அங்குலம் என்றால் எடிசன் சிலிண்டர் போனோகிராப்போடு (தட்டுக்குப் பதில் உருளை ஓடும் பழைய கருவி) வந்த வகை. அந்த நீளம் வரை ஊசிப்பெட்டியின் (ஊசி அதிர்வை ஒலியாக்கும் பாகம்) மேலேயே நிற்கும். இன்னும் பெரியதென்றால் தனித் தாங்கியில் தொங்கவிட்டு ரப்பர் குழாயால் இணைக்க வேண்டும். தட்டு ஓடும் பெட்டியில் மாட்ட முடியாது, ஹார்னைப் பெட்டியோடு இணைக்கும் வளைவுக் குழாய்க்கு வழியே இல்லை. அசலாக இருந்தால் பித்தளையை பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், கறுப்புப் பூச்சின் ஓரமும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
போய்ப் பார்த்தேன். பெரியதில் காந்தம் ஒட்டவில்லை, உள்ளே ஈயப் பற்று, தாங்கியில் நான்கு பிளஸ் ஸ்குரு. தட்டு ஓடும்போது ஹார்ன் கரகரவென்று அதிர்கிறது. சின்னதன் மடிப்பு சுத்தமாக இருக்கிறது.

பதில் 1:
பெரியது புதுசுதான் அண்ணே. வரவேற்பறை அலங்காரத்துக்கு வேண்டுமானால் அந்த விலைக்குக் கேளுங்கள். கரகரப்பு வளைவுக் குழாயும் ஹார்னும் சேரும் இடத்தில் இருக்கும். மெல்லிய ஃபெல்ட் துணி ஒரு சுற்று சுற்றினால் அடங்கும். ஆனால் நல்ல 78 தட்டை (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டு) அதில் போடவேண்டாம். ஊசியைத் தாங்கும் கை கனமாகவும் கோணலாகவும் நிற்பதால் பள்ளத்தின் ஒரு பக்கத்தை ஊசி அரித்துவிடும். போட்டே ஆகவேண்டுமென்றால் தேய்ந்த தட்டு, பக்கத்துக்கு ஒரு புது இரும்பு ஊசி.

சின்னதை விடாதீர்கள்.