ரோபோக் கூட்டம்: அகச்சிவப்பு விஷயம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் மக்களே. செங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளோடு ஆறு குட்டி ரோபோ செய்துகொண்டிருக்கிறோம். எறும்புக் கூட்டம் மாதிரி. தலைமை கிடையாது, பக்கத்தில் இருப்பதோடு மட்டும் பேச்சு. 2014-இல் ஹார்வர்டில் கிலோபாட் என்ற 1,024 குட்டி ரோபோக்களை நட்சத்திர வடிவில் நிற்கவைத்தது இந்த வழியில்தான். அவை அகச்சிவப்பு ஒளியைக் கீழ்ப்பரப்பில் தெறிக்கவிட்டு, வந்துசேரும் ஒளியின் வலுவை வைத்து தூரத்தைக் கணிக்கும்.

நாங்கள் போட்டிருப்பது டிவி ரிமோட்டுக்கான 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவர். சேதி வருகிறது, தூரம் தெரியமாட்டேன் என்கிறது. ஆறும் ஒரே நேரத்தில் அனுப்பினால் சேதியும் போச்சு, சந்தைக்கடைதான்.

ஒளியின் வலுவை அளக்கும் போட்டோடையோடுக்கு மாறினால் சன்னல் வெயிலைத் தாங்குமா? ஒவ்வொன்றும் அனுப்பும் இடைவெளியைத் தாறுமாறாக மாற்றினால் மோதல் குறையுமா? மேலே கேமரா, வைஃபை யோசனை மட்டும் வேண்டாம், எறும்புக்கு ஏது அதெல்லாம்! தென்காசி, புனலூர் பக்கம் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்க, போர்டோடு நேரிலேயே வந்துவிடுகிறேன்.