1960 அமெரிக்க ஹைஸ்கூல்ல இத்தன டிபார்ட்மெண்ட்டாங்க?

ஈரோடு: ஏனுங்க, பழைய புக் கடையில 1960 அமெரிக்க ஸ்கூல் இயர்புக், அதான் ஆண்டு மலர், ஒன்னு கெடச்சுது, கணக்கு, சயின்ஸ் பக்கத்துலயே மரவேலை, சமையல், டைப்பிங், பேண்டு வாத்தியத்துக்கெல்லாம் தனி டிபார்ட்மெண்ட் போட்டிருக்குது, எல்லாமே எல்லாரும் படிக்கோணுமா?

கோபி: இல்லீங்க, இங்கிலீஷ், வரலாறு மாதிரி சிலதுதான் கட்டாயம், மத்தது புடிச்சத எடுத்துக்கறது, அதான் எலெக்டிவ். 1917லயே ஸ்மித்-ஹியூஸ் சட்டம் போட்டு விவசாயம், தொழில், வீட்டு நிர்வாகம் சொல்லித்தர மத்திய அரசே பணம் குடுத்துச்சு. விவசாயம் படிக்கற பசங்களுக்கு 1928ல எஃப்எஃப்ஏன்னு (ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா) சங்கமே வந்துருச்சு. மஞ்சக்காட்டுல வளந்த எனக்கு ஒம்பதாவதுல அப்படி ஒரு பாடம் கெடைக்கலியேன்னு இன்னமும் ஏக்கமுங்க.

பொள்ளாச்சி: பொண்ணுகள சமையலுக்கும் பசங்கள பட்டறைக்கும்னு பிரிச்சு வுட்டாங்க பாருங்க, அது மட்டும் எனக்கு ஒப்பல. 1957ல ரஷ்யா ஸ்புட்னிக்குன்னு மொத செயற்கைக்கோள வானத்துல வுட்டதும் அடுத்த வருஷமே சட்டம் போட்டு சயின்ஸ், கணக்கு, வெளிநாட்டு மொழிக்குப் பணத்தக் கொட்டுனாங்க.

ஈரோடு: அட, ஹெட்போன் மாட்டிட்டு பாஷை படிக்கற போட்டோ ஒன்னு இருக்குதுங்க, இப்பத்தான் புரியுது.