ஒரே செரட்டோனின், எதிரெதிர் விளைவுகள்: எலியின் உடல் வெப்பநிலை குறித்து ஒரு ஐயம்

கேள்வி:
ஆய்வக எலிகளுக்கு 8-ஓஎச்-டிபிஏடி என்னும் ஆய்வு மருந்தைச் செலுத்தினால் உடல் வெப்பநிலை விரைவில் இறங்குகிறது என்றும், டிஓஐ என்னும் மற்றொன்றைச் செலுத்தினால் ஏறுகிறது என்றும் படித்தேன். இரண்டுமே, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனின் வந்து பற்றும் ஏற்பிகளைத் தூண்டுபவை என்னும்போது, விளைவு மட்டும் எதிரெதிராக அமைவது ஏன்?

மறுமொழி 1:
அவை தூண்டும் ஏற்பிகள் வேறு வேறு. முதலாவது பெரும்பாலும் 5-எச்டி1ஏ ஏற்பியையும் (5-எச்டி என்பது செரட்டோனினின் சுருக்கப் பெயர்), இரண்டாவது 5-எச்டி2ஏ உள்ளிட்ட 5-எச்டி2 வகை ஏற்பிகளையும் பற்றுகிறது. மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில், ராஃபே என்னும் பகுதியிலுள்ள நரம்பணுக்கள், உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் பரிவு நரம்புகளின் வழியாக, வெப்பம் உண்டாக்கும் திசுவான பழுப்புக் கொழுப்பின் வெப்ப உற்பத்தியையும் வால் இரத்தக்குழாய்களின் சுருக்கத்தையும் ஆள்கின்றன. 5-எச்டி1ஏ தூண்டப்பட்டால் அந்த நரம்பணுக்கள் அடங்கி, கொழுப்பில் வெப்பம் உண்டாவது குறைய, வாலின் வழியே வெப்பம் வெளியேறுகிறது. 5-எச்டி2ஏ தூண்டப்பட்டாலோ உற்பத்தி கூடி, வால் குழாய்கள் சுருங்கி, வெப்பம் உள்ளேயே தங்கிவிடுகிறது. டபிள்யூஏஒய்-100635 என்னும் தடுப்பானை முன்னதாகக் கொடுத்தால் முதல் விளைவு மறைவது 5-எச்டி1ஏயின் பங்குக்கு வலுவான சான்று.

மறுமொழி 2:
மேலே கூறியது சரியே, ஆனால் படம் அவ்வளவு எளிதன்று. 8-ஓஎச்-டிபிஏடி 5-எச்டி7 ஏற்பியையும் ஓரளவு பற்றும். அந்த ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளில், 5-சிடி என்னும் வேறொரு தூண்டியால் வழக்கமாக ஏற்படும் குளிர்ச்சி காணப்படுவதில்லை. மேலும், சுண்டெலியில் செரட்டோனின் நரம்பணுக்களின் மீதே அமைந்த தன்னேற்பிகள் முதன்மையானவையாகத் தோன்றுகின்றன. பெரிய எலியிலோ அந்த நரம்பணுக்களின் செய்தியைப் பெறும் அணுக்களில் உள்ள ஏற்பிகளுக்கே பங்கு அதிகம் என்று பலர் கருதுகின்றனர். ஓர் இனத்தில் கண்டதை மற்றோர் இனத்துக்கு அப்படியே ஏற்றக் கூடாது. 1960களிலேயே, மூளை அறைகளுக்குள் செலுத்திய செரட்டோனின் பூனையின் வெப்பநிலையை உயர்த்தியது, முயலில் தாழ்த்தியது.

கேட்டவர்:
அப்படியானால், அளவிடும் சூழலும் முடிவை மாற்றுமா?

மறுமொழி 3:
கட்டாயம் மாற்றும், பலரும் இதைக் கவனிப்பதில்லை என்பதே என் வருத்தம். எடுத்துக்காட்டாக, செரட்டோனினை வெளியேற்றும் எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி) என்னும் போதைமருந்து வெதுவெதுப்பான அறையில் எலியின் உடலைச் சூடாக்குகிறது, குளிர்ந்த அறையில் குளிர்விக்கிறது. கூடுதல் வெப்பம் உண்டாக்கத் தேவையில்லாத அறை வெப்பநிலை சுண்டெலிக்கு ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். பொதுவாக ஆய்வகங்களில் நிலவும் 20 முதல் 22 டிகிரி அதற்குக் குளிரே, ஆகவே அது எப்போதும் பழுப்புக் கொழுப்பை இயக்கிக்கொண்டிருக்க வேண்டியுள்ளது. அத்தகைய விலங்கில் வெப்ப உற்பத்தியை நிறுத்தும் மருந்தின் விளைவு பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. மலக்குடல் வெப்பமானியைச் செருகும்போது ஏற்படும் அச்சமே வெப்பநிலையை உயர்த்திவிடுவதால், வயிற்றுக்குள் பொருத்தி, கம்பியின்றி வெப்பநிலையைத் தெரிவிக்கும் தொலை அளவியே மேல். அது இல்லையெனில், மருந்துக்குப் பதில் உப்புநீர் மட்டும் பெற்ற குழுவையும் அதே முறையில் அளந்து ஒப்பிடுங்கள்.