கத்தி வயிற்றில் இறங்கியும் ஆபரேஷன் இல்லை, இது சரியா?

ஏற்காட்டுக்காரன்:
காபித் தோட்டத்தில் சறுக்கி விழுந்த சித்தப்பா மகனுக்கு, கையிலிருந்த கவ்வாத்துக் கத்தி வயிற்றில் இறங்கிவிட்டது. பயத்தில் உருவிவிட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நேற்று மாலை சேலத்தில் சேர்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம், “பொறுத்துப் பார்ப்போம்” என்கிறார்கள். திறந்து பார்க்க வேண்டாமா?

கூலமேடு காளை:
கட்டாயம் திறக்க வேண்டும். ஜல்லிக்கட்டில் எங்கள் மாமாவைக் கொம்பு குத்தியபோது வெளியே ஒரு விரல் நீளக் காயம்தான். உள்ளே குடல் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

அஸ்தம்பட்டி சர்ஜன்:
கொம்பு வேறு, கத்தி வேறு. கொம்பு உள்ளே போய்த் திருகும். மண்ணும் சாணியும் கூடவே போகும். முன்வயிற்றுக் கத்திக்குத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வயிற்றின் உள்ளுறையையே தாண்டுவதில்லை. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து எல்லோரையும் திறப்பதுதான் வழக்கமாக இருந்தது. 1960-ல் புரூக்ளினில் ஷாஃப்டன் என்ற சர்ஜன்தான், யாருக்குத் தேவையோ அவர்களை மட்டும் திறக்கலாம் என்று எழுதினார். நானும் ஆரம்பத்தில் திறந்தவன்தான். உள்ளே ஒன்றுமில்லை என்று மூடியது நிறைய. அந்தத் தழும்பில் பின்னால் குடலிறக்கம், குடல் ஒட்டிக்கொள்வது எல்லாம் வரும்.

தம்பி, பிரஷர் எவ்வளவு? வயிறு கல் மாதிரி இறுகியிருக்கிறதா? குடலோ கொழுப்போ வெளியே தெரிந்ததா? (குத்திய கத்தியை உருவவே கூடாது, அந்தத் திட்டு அப்புறம்.)

ஏற்காட்டுக்காரன்:
பிரஷர் 120/80. வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. டீ கேட்டு நச்சரிக்கிறான்.

அஸ்தம்பட்டி சர்ஜன்:
டாக்டர் சொல்லும்வரை டீ கிடையாது.

கூலமேடு காளை:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது சார். ராத்திரி 2 மணிக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது யார்? ஆள் இல்லாத இடத்தில் “பொறுத்துப் பார்ப்பது” என்றால் தூங்குவது.

அஸ்தம்பட்டி சர்ஜன்:
அதில் உங்களோடு சண்டையில்லை. சர்ஜனும் ஆபரேஷன் தியேட்டரும் 24 மணி நேரமும் தயாராக இல்லாத இடத்தில் இதைச் செய்யக்கூடாது. முடிந்தவரை ஒரே கை திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்க வேண்டும், அப்போதுதான் மாற்றம் பிடிபடும். குத்து இடது விலாவை ஒட்டி என்றால் எனக்கும் பயம்தான். உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை, கிழிந்தது ஸ்கேனில் தப்பிவிடும், சின்னத் துளை போட்டு லேப்பராஸ்கோப் கேமரா விட்டுப் பார்க்கணும்.

ஏற்காட்டுக்காரன்:
தொப்புளுக்கு வலப்பக்கம் சார். நாலு மணிக்கொரு தரம் ஒரே டாக்டரம்மாதான் வந்து அழுத்திப் பார்க்கிறார். “சும்மா வந்து தொட்டுட்டுப் போறாங்க” என்று சித்தப்பா திட்டிக்கொண்டிருந்தது அவரைத்தான்.

கூலமேடு காளை:
சரி, நீயும் நாடியையும் காய்ச்சலையும் கேட்டு எழுதி வை. ஏறினால் அந்த அம்மாவை எழுப்பு, சித்தப்பாவை எழுப்பாதே.