காதுகுத்து 19ஆம் தேதியா, இல்லையா?

குழு: மேலூர் பெரிய வீடு
27 மார்ச் 2024, புதன்

பிரபு: நேற்று ஐபிஎல்லில் நம் சென்னை அணிக்கு 63 ரன் வித்தியாசத்தில் வெற்றி! ஷிவம் துபே 23 பந்தில் 51! தோனி தலைமையை ருதுராஜிடம் கொடுத்தால் அணி கவிழ்ந்துவிடும் என்று சொன்ன பெரியப்பா எங்கே இருக்கிறார்?

மீனா: தம்பி, கொஞ்சம் நிறுத்து. பத்து நாளாகக் கேட்கிறேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. பாப்பா காதுகுத்து ஏப்ரல் 19 என்று பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஓட்டுப்பதிவும் அன்றுதான். வைப்பதா, மாற்றுவதா? சமையல்காரர் இன்று இரவுக்குள் சொல்லச் சொல்கிறார்.

செல்வி: மாற்று.

பிரபு: மாற்றாதே. எனக்குச் சம்பளத்தோடு விடுமுறை.

மேலூர் பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். தேதி குறித்தது நான். பிப்ரவரியில் குறித்தபோது தேர்தல் ஆணையம் என்னைக் கேட்கவில்லை, நானும் அவர்களைக் கேட்கவில்லை. தமிழ்நாடு முழுவதும் அன்று ஒரே நாளில் ஓட்டு, காலை 7 முதல் மாலை 6 வரை. நம் முகூர்த்தம் 9 முதல் 10.15. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30க்குத்தான் தொடங்கும். ஆக, ஓட்டுக்கும் முகூர்த்தத்துக்கும் சண்டையே இல்லை, நமக்குள்தான் சண்டை. 2009இல் தேர்தலுக்காக ஐபிஎல் முழுவதையும் தென்னாப்பிரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2014இல் தொடக்க ஆட்டங்கள் ஐக்கிய அமீரகத்தில். அவ்வளவு பணம் புரளும் ஆட்டமே தேர்தல் என்றால் கடல் தாண்டும். (குலதெய்வத்தை அப்படித் தாண்டவைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) 2019இல் நம் மதுரைத் தொகுதிக்கு ஓட்டு ஏப்ரல் 18, சித்திரைத் தேரும் அன்றே. இரவு 8 மணி வரை நேரத்தை நீட்டித்தார்கள். ஊரே தேரும் இழுத்தது, ஓட்டும் போட்டது. ஒரு பிள்ளைக்கு இரண்டு காது குத்த நம்மால் முடியாதா?

செல்வி: இதில் எது பதில் பெரியப்பா?

பிரபு: கடைசி வரி.

சாந்தா அத்தை: எனக்குத் தேர்தல் பணி. 18 காலையிலேயே கிளம்ப வேண்டும். இரவு வாக்குச்சாவடியிலேயே படுக்கை. 19 இரவு எந்திரங்களை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்ப எத்தனை மணியாகுமோ. நான் இல்லாமலே வைத்துக்கொள்ளுங்கள்.

மீனா: அத்தை, அப்படிச் சொல்லாதீர்கள்.

சாந்தா அத்தை: பத்திரிகையில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

மேலூர் பெரியப்பா: அது அச்சுப்பிழை சாந்தா.

சாந்தா அத்தை: பெயரே இல்லாததற்குப் பெயர் அச்சுப்பிழையா அண்ணே?

திருப்பூர் மாமா: மீனா, தேதி எதுவானாலும் சரி. பாப்பாவுக்கு என் பங்கு ஒரு லட்சம். ரொக்கமாகவே கொண்டு வந்துவிடுகிறேன்.

செல்வி: மாமா, தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். பறக்கும் படை வழி நெடுக நிற்கிறது.

திருப்பூர் மாமா: அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

செல்வி: என் கல்யாணத்தின்போதும் தேர்தல் நேரம்தான். 2011 ஏப்ரல் 13 ஓட்டு. சீர்ப்பணத்தை வழியில் பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னீர்கள். 13 ஆண்டு ஆகிறது. ரசீது ஏதாவது வந்ததா?

திருப்பூர் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபு: மாமா, கைப்பேசியிலேயே அனுப்பிவிடுங்களேன். அந்த வழியில் சோதனைச் சாவடி கிடையாது.

திருப்பூர் மாமா: எனக்கு அதெல்லாம் தெரியாது.

பிரபு: தினமும் காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூப் படம் அனுப்பத் தெரிகிறது.

மீனா: தேதி!

செல்வி: மாற்று என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஓட்டு நாளில் கிடாய் வெட்டி நூறு பேருக்கு இலை போட்டால் பார்ப்பவன் என்ன நினைப்பான்? எந்தக் கட்சி விருந்து என்று கேட்பான். விசேஷத்தோடு வேறொன்று மோதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் வரவேற்பு 2011 ஏப்ரல் 2. தோனி சிக்ஸர் அடித்தபோது மேடையில் நானும் நாதஸ்வரக்காரரும்தான் இருந்தோம். மாப்பிள்ளை மாலையோடு தொலைக்காட்சி முன்னால். வீடியோக்காரரும் அங்கேதான். இன்றுவரை என் ஆல்பத்தில் பந்தி கிடையாது.

ரவி மாப்பிள்ளை: 28 ஆண்டுக்குப் பிறகு வந்த கோப்பை அது.

செல்வி: கல்யாணம் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வருமாம்?

பிரபு: அத்தானை விடு அக்கா.

செல்வி: நீ பேசாதே. 2018இல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தின் மீதி ஆட்டங்களை எல்லாம் புனேவுக்கு மாற்றினார்களே, தாத்தாவின் முப்பதாம் நாளை விட்டுவிட்டு ரசிகர் ரயிலில் ஏறியவன் நீ.

பிரபு: அதை இப்போது ஏன் இழுக்கிறாய்.

மேலூர் பெரியப்பா: செல்வி, போதும்.

சாந்தா அத்தை: இருக்கட்டும் அண்ணே. அன்று பிண்டம் வைக்கும்போது அப்பா ஊர்க் கபடி விளையாடிய காலத்துச் சட்டையை நான் கொண்டு வந்து வைத்தேன். பேரன் வந்து தொட்டுக் கும்பிடுவான் என்று நினைத்தேன்.

பிரபு: அத்தை, அது எனக்குத் தெரியாது.

மீனா: சரி. 21 ஞாயிறு வைக்கலாமா?

சாந்தா அத்தை: அன்று மீனாட்சி திருக்கல்யாணம். பெண்கள் எல்லோரும் தாலிக்கயிறு மாற்ற வேண்டும். யார் வருவார்கள்?

மீனா: 28 ஞாயிறு?

மேலூர் பெரியப்பா: 23ஆம் தேதி பௌர்ணமி. அதன் பிறகு தேய்பிறை. காதுகுத்துக்கு வேண்டாம்.

பிரபு: 28 சேப்பாக்கத்தில் ஐதராபாத்தோடு ஆட்டம். நேற்று முன்தினம்தான் முழு அட்டவணையும் வந்தது.

மீனா: 14, சித்திரை ஒன்று?

பிரபு: அன்று மும்பையோடு.

செல்வி: இவன் தாய்மாமனா, அட்டவணையா?

மேலூர் பெரியப்பா: அப்பத்தாவிடம் கேட்டேன். ஒலிச் செய்தி அனுப்பத் தெரியாமல் என்னிடம் சொல்கிறார்கள், அப்படியே எழுதுகிறேன்: "85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குவார்களாம். எனக்கு அது வேண்டாம். நான் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்டுதான் கோயிலுக்கு வருவேன். ஏழு மணிக்கு முதல் ஓட்டு என்னுடையது. பிள்ளை காத்திருக்கும். சாந்தா வராமல் காது குத்தக் கூடாது."

மீனா: அப்படியென்றால் 19தானா?

செல்வி: சாந்தா அத்தைக்கு 19 பணி இருக்கிறதே.

மேலூர் பெரியப்பா: அதைச் சொன்னேன். சாந்தாவுக்கு லீவு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

சாந்தா அத்தை: தேர்தல் பணிக்கா! அம்மாவிடம் யாராவது விளக்குங்கள்.

ரவி மாப்பிள்ளை: 17, 18, 19 மூன்று நாளும் கடை மூடல் என்கிறார்களே, உண்மையா?

செல்வி: இரண்டு மணி நேரமாகக் குழுவில் இருந்துவிட்டு இவர் கேட்பது இதை.

திருப்பூர் மாமா: மாப்பிள்ளை கேட்பது நியாயமான கேள்வி.

மீனா: சமையல்காரர் அழைத்துவிட்டார். நாளை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா, நீங்கள் வாங்கி விட்ட கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு என் முருங்கைக்கன்றைத் தின்றுகொண்டிருக்கிறது. யாராவது வந்து பிடித்துக் கட்டுங்கள்.

ரவி மாப்பிள்ளை: பிரபு, 19 இரவு ஆட்டம் எத்தனை மணிக்கு?

பிரபு: 7.30. லக்னோவில்.