மின்சார மலை மிதிவண்டி: பேட்டரி அடித்தால்தான் பூட்டுகிறது, பூட்டிய பிறகும் ஆடுகிறது

முட்டுக்காடு சவாரி:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது பிரேமின் கீழ்க்குழாய்க்குள் பேட்டரி அமரும் வகை மின்சார மலை மிதிவண்டி. 36 வோல்ட் பேட்டரியைச் சாவி போட்டுக் கழற்றி, மாடியில் உள்ள வீட்டுக்குக் கொண்டுசென்று சார்ஜ் செய்கிறேன். அண்மையில் ஒரு கடையில் பூட்டுப் பக்கத்துத் தாங்கியைப் புதிதாக மாற்றினார்கள். அன்று முதல், கீழ்முனை கனெக்டரில் ஒழுங்காக உட்கார்ந்தாலும், மேல்முனையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தால்தான் பூட்டு விழுகிறது. விழுந்த பிறகும் பேட்டரி லேசாக ஆடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகத்தடைகளைக் கடக்கும்போது சில நேரம் திரை அணைந்து மோட்டாரின் உதவி நின்றுவிடுகிறது. இறுக்கமும் ஆட்டமும் ஒரே பேட்டரியில் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. தாங்கியின் ஸ்க்ரூக்களை நானே தளர்த்திச் சரிசெய்யலாமா?

பழுது மேசை:

செய்யலாம். ஆனால் பூட்டை வைத்துப் பேட்டரியின் இடத்தைத் தீர்மானிக்காதீர்கள். இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது கனெக்டர் பக்கம்; பூட்டு அந்த இடத்தில் பேட்டரியைப் பிடித்து வைத்திருந்தால் போதும். உங்கள் தாங்கி சற்றே கோணலாகவோ, கனெக்டரை நோக்கி அதிகமாக நெருங்கியோ பொருத்தப்பட்டிருக்கலாம். அப்போது பூட்டின் நாக்கு குழிக்குள் நேராக இறங்காமல் அதன் விளிம்பில் உரசும்; அடி தேவைப்படுவது அதனால்தான். அதே சமயம் பேட்டரியை அழுத்திப் பிடிக்க வேண்டிய ரப்பர் திண்டு வரை பேட்டரி எட்டாவிட்டால், பூட்டிய பின்னும் இடைவெளி மிஞ்சும். ஆகவே இறுக்கம் நீளவாக்கில் உள்ள குறை, ஆட்டம் உயரவாக்கில் உள்ள குறை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தை அணைத்து, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, முதலில் கனெக்டர் பக்கத்துத் தாங்கி அசைகிறதா என்று பாருங்கள். அது அசைந்தால் மற்ற வேலைகள் எல்லாம் வீண். அது உறுதியாக இருந்தால், பூட்டுப் பக்கத் தாங்கி இப்போது நிற்கும் இடத்தைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, பூட்டின் நாக்கில் சாக்பீஸ் தூளைத் தடவி ஒருமுறை பூட்டிக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் தூள் அழிந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் உரசுகிறது. பிறகு ஸ்க்ரூக்களைச் சிறிது தளர்த்தி, நீள்துளைக்குள் தாங்கியை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் பின் பேட்டரியை மீண்டும் போட்டுப் பாருங்கள். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் பூட்டை உடைக்கிறார்கள். இறுதியாக முடுக்கும்போது ஸ்க்ரூக்களை மாறி மாறி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு மட்டுமே முடுக்குங்கள்; அலுமினியப் பிரேமின் மரை எளிதில் அழிந்துவிடும்.

திருவான்மியூர் காற்று:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கனெக்டரின் பின்களையும், அதாவது மின்சாரம் பாயும் உலோக முனைகளையும், பார்க்காமல் விடாதீர்கள். மோட்டார் இழுக்கும் நேரத்தில் பேட்டரி ஆடினால், பின்கள் கணநேரம் விலகிச் சேரும்போது சிறு தீப்பொறி எழுந்து அங்கே கரும்புள்ளி விழும். நம் ஊரின் உப்புக் காற்றும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்த இடம் இன்னும் விரைவாகக் கெடும். ரிச்சி தெருவில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைக்கும். மென்மையான தூரிகையை அதில் நனைத்துத் துடைத்து, முழுமையாக உலர விடுங்கள். உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே கூடாது; மேற்பூச்சு போய்விட்டால் அரிப்பு வேகமெடுக்கும். பின் உருகியோ வளைந்தோ இருந்தால் கனெக்டரை மாற்றுவது ஒன்றே வழி.

அடையாறு மெக்கானிக்:

தாங்கியைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் உறையை ஒரு நேரான அளவுகோலின் மேல் வைத்துப் பாருங்கள். கீழே விழுந்ததாலோ செல்கள் வீங்கியதாலோ உறை புடைத்திருந்தாலும் இதே இறுக்கம் தோன்றும். அப்படியானால் அதை உள்ளே திணிக்கவும் வேண்டாம், சார்ஜ் செய்யவும் வேண்டாம்; உடனே சேவை மையத்தில் காட்டுங்கள். லித்தியம் பேட்டரி விஷயத்தில் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. சாவியைத் திருப்பியதும் பேட்டரி அப்படியே விழாமல் தடுக்கும் இரண்டாவது கொக்கி பல மாடல்களில் உண்டு. உங்கள் வண்டியிலும் இருந்தால், சரிசெய்து முடித்தபின் கீழே கையைத் தாங்கலாக வைத்து அதுவும் பிடிக்கிறதா என்று சோதியுங்கள்.

முட்டுக்காடு சவாரி:

மூவருக்கும் மிக்க நன்றி. உறை நேராகவே இருக்கிறது, பின்களும் சுத்தமாக உள்ளன. நாக்கின் இடப்பக்கத்தில் மட்டும் தூள் அழிந்திருந்தது. தாங்கியைச் சிறிது நகர்த்தியதும் பெருவிரல் அழுத்தத்திலேயே பூட்டு விழுகிறது. ஆட்டம் மட்டும் மிச்சமிருக்கிறது. ரப்பர் திண்டின் மேல் வைத்த தாள் துண்டு, பூட்டிய பின்னும் தடையின்றி வெளியே வருகிறது. கனெக்டருக்கு அடியில் வாஷர் வைத்து உயர்த்தலாமா?

பழுது மேசை:

வேண்டாம். கனெக்டரை உயர்த்தினால் பின்கள் சாய்வாக நுழையும். இப்போது சரியாக இருக்கும் பக்கத்தைக் கெடுத்துக்கொள்வீர்கள். உங்கள் மாடலுக்குத் தடித்த திண்டு உதிரியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், பாரிமுனையில் 1 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் வாங்கித் திண்டின் அளவுக்கு வெட்டி அதன் அடியில் ஒட்டுங்கள். பூட்டிய பின் தாளை இழுத்தால் அது சற்றே தடைபட்டு வர வேண்டும், பூட்டும் அடிக்காமலே விழ வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அமையும் வரை தடிமனைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். அதன் பிறகும் வேகத்தடையில் திரை அணைந்தால், குறை கம்பி இணைப்பில் இருக்கலாம். அதைக் கடையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.