புதுப்பிப்பு: எம்ஆர்ஐ குழாய்க்குப் பயந்த அம்மா, ஸ்கேன் முடிந்தது

எம்ஆர்ஐ (குழாய் போன்ற இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, காந்தத்தால் உடலின் உட்புறத்தைப் படம் எடுக்கும் ஸ்கேன்) எடுக்கப் போன அம்மா பயத்தில் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார், மயக்க மருந்து இல்லாமல் வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று தலை ஸ்கேன் முழுதாக முடிந்தது.

கைகொடுத்தது, ‘உள்ளே போகும் முன்பே கண்ணை மூடிவிடுங்கள், பழகிய ஜபத்தைச் சொல்லச் சொல்லுங்கள்’ என்ற யோசனைதான். மேசை நகரும் முன்பே கண்மேல் மடித்த துணியைப் போட்டார்கள். தலை அசையக் கூடாது என்பதால் மனதுக்குள்ளேயே ‘முருகா, முருகா’. இயந்திரம் தடதடவென்று தட்டத் தொடங்கியதும் அந்தத் தாளத்துக்கே பெயரைச் சொன்னாராம். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் பார்த்துக்கொள்வான் என்ற தைரியத்தில்தான் படுத்தார். முடியவில்லை என்றால் ஊழியரை அழைக்க அமுக்கும்படி கையில் கொடுத்த பந்தை அமுக்கவே இல்லை.

எதிர்பாராதது தாலி. உலோகம் எதுவும் கூடாது என்று தாலிக்கொடி, தாயத்து இரண்டையும் கழற்றச் சொன்னார்கள். குழாயைவிட அதற்குத்தான் அதிகம் கலங்கினார். விரலி மஞ்சள் முடிந்த நூல் கயிற்றைக் கட்டிக்கொண்ட பிறகே கழற்றச் சம்மதித்தார். அதை வாங்கி வர அலைந்தோம், நீங்கள் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பேஸ்மேக்கரோ (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) அறுவை சிகிச்சையில் உடலுக்குள் வைத்த உலோகக் கிளிப்போ இருந்தால் ஸ்கேன் எடுப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.